க்ராஃப்ட்: விசையா, மின்சாரமா, சட்டமா, சூப்பா? ஒரு நோர்வேஜிய சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோர்வேயில் "க்ராஃப்ட்" என்ற சொல் கண்ணில் படாமல் ஒரு நாள் போவது கஷ்டம். பள்ளி இயற்பியல் புத்தகத்தில் இருக்கும், அரசு அறிவிப்பில் இருக்கும், கடையில் சூப் சாமான் அடுக்கிய தட்டிலும் இருக்கும். தேர்தல் நேரத்தில் இந்தச் சொல்லை வைத்துத்தான் பாதிச் சண்டை நடக்கும். மொழி கற்கத் தொடங்கியவர்கள் அகராதியைத் திறந்தால் ஏழெட்டு அர்த்தம் கிடைக்கிறது, எதை எடுப்பது என்று தெரிவதில்லை. அவர்களுக்காகவும், நோர்வே செய்திகளைத் தூரத்திலிருந்து கவனிப்பவர்களுக்காகவும் இந்தப் பதில்கள்.

க்ராஃப்ட் என்றால் சுருக்கமாக என்ன?

ஒன்றை நடக்க வைக்கும் வலிமை. அது கல்லை இழுக்கும் புவியீர்ப்பாக இருக்கலாம், விளக்கை எரிக்கும் மின்சாரமாக இருக்கலாம், ஒரு தாளை எல்லாரையும் கட்டுப்படுத்தும் சட்டமாக ஆக்கும் தகுதியாகவும் இருக்கலாம். வைக்கிங் காலத்துப் பழைய நோர்ஸ் மொழியிலேயே இருந்த சொல் இது. ஜெர்மன், டேனிஷ், ஸ்வீடிஷ் மூன்றிலும் இதே சொல் இருக்கிறது. கைவினையைக் குறிக்கும் ஆங்கிலக் கிராஃப்டும் இதே குடும்பம்தான், ஆனால் அது வலிமையிலிருந்து கைத்திறன் பக்கம் நகர்ந்துவிட்டது. கைவினையை நோர்வேக்காரர் ஒருபோதும் க்ராஃப்ட் என்று சொல்லமாட்டார்.

இன்னொன்று: இந்தச் சொல் தனியாக வருவதைவிட இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் அதிகம். தண்ணீருக்கான வன் சேர்ந்தால் வன்க்ராஃப்ட், அதாவது நீர்மின்சாரம். குதிரைக்கான ஹெஸ்ட் சேர்ந்தால் ஹெஸ்டெக்ராஃப்ட், அதாவது குதிரைத்திறன். ஒட்டியிருக்கும் சொல்லைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இயற்பியல் பாடத்தில் இதற்கு என்ன பொருள்?

அங்கே ஒரே பொருள்தான்: விசை. நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் க்ராஃப்ட், அலகு நியூட்டன். புவியீர்ப்பு விசை, உராய்வு விசை, மையநோக்கு விசை என்று தமிழில் படித்த எல்லாவற்றுக்கும் வால் மாதிரி க்ராஃப்ட் ஒட்டியிருக்கும். நியூட்டனின் மூன்றாம் விதியில் வரும் எதிர்விசைக்கு "மூட்க்ராஃப்ட்" என்று பெயர்.

நோர்வே அறிவியல் வரலாற்றில் தனி இடம் பிடித்தது கொரியோலிஸ் விசை. பூமி சுழல்வதால் காற்றும் கடல்நீரும் திசை திரும்புவதுபோல் தெரியும் அல்லவா, அதைக் கணக்கில் எடுக்க நாம் சேர்க்கும் விசை அது. வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் 1917-இல் பெர்கன் நகருக்கு வந்து தொடங்கிய வானிலை ஆய்வுக் குழு, வானிலையை இயற்பியல் சமன்பாடுகளின் கணக்காகப் பார்க்கலாம் என்று காட்டியது. இன்றைய வானிலைச் செய்தியில் "குளிர் முகப்பு", "வெப்ப முகப்பு" என்று வருவதெல்லாம் பெர்கனில் பிறந்த சிந்தனை. மழைக்குப் பேர்போன ஊரில் அது நடந்ததில் ஆச்சரியமில்லை.

அப்படியானால் "க்ராஃப்ட்வெர்க்" என்ற மின்நிலையத்தில் உற்பத்தியாவது விசையா?

இல்லை. நோர்வே மாணவர்களே தடுக்கி விழும் இடம் இது. மின்நிலையம் தருவது ஆற்றல். அதை எவ்வளவு வேகத்தில் தருகிறது என்பதை வாட்டில் அளக்கிறோம். அந்த வாட் கணக்குக்கு நோர்வே இயற்பியலில் "எஃபெக்ட்" என்று தனிச்சொல் உண்டு. வகுப்பறையில் க்ராஃப்ட் நியூட்டனில் இருக்கும், ஆற்றல் ஜூலில் இருக்கும், எஃபெக்ட் வாட்டில் இருக்கும். வகுப்பை விட்டு வெளியே வந்து செய்தித்தாளைப் பிரித்தால் "இந்த ஆண்டு இவ்வளவு டெராவாட்-மணி க்ராஃப்ட்" என்று அச்சாகியிருக்கும். குதிரைத்திறன் இன்னும் மோசம். பெயரில் க்ராஃப்ட் இருந்தாலும் அது விசை இல்லை, சுமார் 735 வாட்டுக்குச் சமமான ஒரு திறன் அளவு.

இதற்காகப் பத்திரிகைக்காரர்களைத் திட்ட வேண்டாம். குழப்பத்தைத் தொடங்கி வைத்தவர்கள் அறிவியலாளர்களே. ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847-இல் ஆற்றல் அழிவின்மை பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பில் க்ராஃப்ட் என்ற சொல்லைத்தான் வைத்தார். அப்போது விசைக்கும் ஆற்றலுக்கும் இடையே கோடு சரியாக விழவில்லை. பின்னால் இயற்பியல் கோட்டைக் கிழித்துக்கொண்டது, மின்தொழில் பழைய பழக்கத்திலேயே இருந்துவிட்டது.

தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது?

இங்கே நமக்குச் சொந்தமாகவும் ஒரு சிக்கல் இருக்கிறது. விசை என்பதில் தமிழ்நாட்டுப் பாடநூலுக்கும் இலங்கைப் பாடநூலுக்கும் சண்டை இல்லை. அதற்கு அப்புறம் பாதை பிரிகிறது. தமிழ்நாட்டில் ஆற்றல், திறன் என்று படிப்பவற்றை இலங்கையில் சக்தி, வலு என்று படிக்கிறார்கள். ஒஸ்லோவில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் யாழ்ப்பாணத்து அப்பா "வலு" என்கிறார், பக்கத்து வீட்டுச் சென்னைக்காரர் "திறன்" என்கிறார், பிள்ளை "எஃபெக்ட்" என்கிறது. மூன்றும் வாட்தான்.

என் பரிந்துரை: இயற்பியல் என்றால் விசை. மின்துறை என்றால் தயங்காமல் மின்சாரம் என்று போடுங்கள். "மின்விசை" என்றெல்லாம் எழுதினால் படிக்கிறவருக்குச் சுவரில் இருக்கும் சுவிட்சும் மோட்டாரும்தான் நினைவுக்கு வரும்.

மின்சாரத்துக்கு "ஸ்ட்ரோம்" என்றும் சொல்கிறார்களே?

ஆமாம், ஓட்டம் என்ற பொருளுள்ள அந்தச் சொல்தான் வீட்டில் புழங்குகிறது. மாதம் வரும் பில் ஸ்ட்ரோம் பில், கரண்ட் போனால் ஸ்ட்ரோம் போய்விட்டது. உற்பத்தி, அணை, சந்தை, அரசியல் என்று பேச்சு பெரிதாகும்போது அதே சமாச்சாரம் க்ராஃப்ட் ஆகிவிடும். பில் கட்டுகிறவருக்கு ஸ்ட்ரோம், விற்கிறவருக்கு க்ராஃப்ட் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

நோர்வேயில் தண்ணீரிலிருந்து இவ்வளவு மின்சாரம் எப்படி?

உயரமான மலை, நிறைய மழையும் பனியும், மலைமேலேயே இயற்கையாக அமைந்த ஏரிகள், கீழே கடலை ஒட்டிய பள்ளத்தாக்கு. நீர்மின்சாரத்துக்கு இதைவிட வசதியான நிலம் அமைவது அரிது. ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 150 டெராவாட்-மணி. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் சுமார் 15,000 கோடி யூனிட். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் தண்ணீர் தருகிறது, மீதியில் பெரும்பகுதி காற்று.

இதில் கவனிக்க வேண்டியது சேமிப்பு. நீர்த்தேக்கங்கள் எல்லாம் நிரம்பினால் சுமார் 87 டெராவாட்-மணி உள்ளே இருக்கும், அதாவது ஓராண்டு உற்பத்தியில் பாதிக்கும் மேல். மிகப் பெரியது தென்மேற்கு மலைகளில் இருக்கும் ப்ளோஷோ. அதனோடு சேர்ந்த உல்லா-ஃபோர்ரெ திட்டத்தின் க்வில்டால் நிலையம் 1,240 மெகாவாட், நாட்டிலேயே பெரியது. வசந்தத்தில் உருகும் பனியைப் பிடித்து வைத்து, குளிர்காலத்தில் எல்லாரும் ஹீட்டர் போடும்போது திறந்துவிடுகிறார்கள்.

இந்தத் தண்ணீர் யாருடையது?

இதுதான் நோர்வே அரசியலின் அடி ஆழம், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1905-இல் ஸ்வீடனோடு ஒரே அரசரின் கீழ் இருந்த ஒன்றியத்திலிருந்து நோர்வே பிரிந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஏழை நாடு. சுற்றிப் பார்த்தால், அருவிகளை வெளிநாட்டு முதலாளிகள் விவசாயிகளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டே அவசர அவசரமாக ஒரு சட்டம் வந்தது. அந்த அவசரத்தினால் அதற்கு "பீதிச் சட்டம்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிறகு 1909-இலும் 1917-இலும் முழுமையான உரிமச் சட்டங்கள் வந்தன. சாரம் இதுதான்: தனியார் அருவியை வாங்கலாம், அணை கட்டலாம், சம்பாதிக்கலாம். ஆனால் குறிப்பிட்ட காலம், பொதுவாக 60 ஆண்டு போல, முடிந்ததும் அருவியும் நிலையமும் சேர்த்து ஒரு காசு வாங்காமல் அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இதற்கு "யெம்ஃபல்" என்று பெயர். வீடு திரும்புதல் என்று சொல்லலாம்.

2007-இல் இதற்கு வெளியிலிருந்து ஒரு அடி விழுந்தது. தனியாருக்குக் கால வரம்பு, அரசு நிறுவனத்துக்கு வரம்பே இல்லை என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராமலே அதன் சந்தையில் நோர்வே பங்கெடுக்க வழிசெய்யும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்துக்கு முரண் என்று, அந்த ஒப்பந்த வழக்குகளைப் பார்க்கும் எஃப்டா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நோர்வே என்ன செய்தது தெரியுமா? தனியாருக்குக் கதவைத் திறக்கவில்லை, இன்னும் இறுக்கிச் சாத்தியது. 2008 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெரிய நீர்மின் நிலையங்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பொது உடைமையாக இருந்தாக வேண்டும். இன்று நீர்மின் திறனில் சுமார் 90 சதவீதம் அரசு, மாவட்டம், நகராட்சி கையில் இருக்கிறது. அவற்றில் மிகப் பெரிய நிறுவனத்தின் பெயரிலேயே நம் சொல் உட்கார்ந்திருக்கிறது: ஸ்டாட்க்ராஃப்ட், அதாவது அரச மின்சாரம். 1895-இல் அரசு தன் முதல் அருவியை வாங்கியதிலிருந்து அந்த நிறுவனம் தன் வயதைக் கணக்கிடுகிறது.

எண்ணெய் வருமானத்தை நோர்வே பொதுநிதியாகச் சேர்த்து வைத்ததைப் பாராட்டி எழுதுகிறவர்கள், அந்தப் புத்தி 1969-இல் எண்ணெய் கிடைத்த பிறகு வந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அருவிகளுக்காக அறுபது ஆண்டுக்கு முன்பே போட்ட சண்டையில் கற்ற பாடம் அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"க்ராஃப்ட்கொம்மூனெ" என்றால்?

மின்சார நகராட்சி. தன் எல்லைக்குள் அணையோ நிலையமோ உள்ள ஊராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையும் ஆறும் போன இடத்துக்கு ஈடாக அவற்றுக்கு வரியும் கட்டணமும் கிடைக்கும். உற்பத்தியில் பத்து சதவீதம் வரை குறைந்த விலைக்கு வாங்கும் உரிமையும் உண்டு, அதன் பெயர் "கொன்செஷூன்ஸ்க்ராஃப்ட்". சந்தை விலை ஏறும்போது வாங்கியதை விற்றாலே லாபம். சில நூறு பேர் வாழும் மலைக் கிராமத்தில் பளபளப்பான நீச்சல் குளத்தைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

"மின்சாரம் விழுங்கும் தொழில்" என்று செய்தியில் வருவது எது?

அலுமினியம், சிலிக்கன், இரும்புக் கலவைகள், உரம். ஒரு கிலோ அலுமினியம் எடுக்க சுமார் 13 முதல் 15 யூனிட் மின்சாரம் தேவை. அதனால் இந்தத் தொழிற்சாலைகள் சந்தைக்குப் பக்கத்தில் உட்காராமல் அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன.

இந்தக் கதையின் தொடக்கம் ரசமானது. வடதுருவ ஒளியை ஆராய்ந்த இயற்பியலாளர் கிறிஸ்டியன் பிர்க்கெலான்ட், மின்சாரத்தால் குண்டு வீசும் பீரங்கி ஒன்றைக் கண்டுபிடித்து 1903-இல் ஒஸ்லோவில் பெரிய மனிதர்கள் முன்னால் இயக்கிக் காட்டினார். குறுக்குச் சுற்று ஏற்பட்டு, பேரிரைச்சலோடு மின்தீப்பொறி வெடித்தது, பீரங்கி வியாபாரம் முடிந்தது. ஆனால் அதே ஆண்டு அவர் சந்தித்த பொறியாளர் சாம் எய்டெக்கு வேண்டியிருந்ததோ, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்க ஒரு பிரமாண்டமான மின்தீப்பொறி. இருவரும் சேர்ந்தார்கள். 1905-இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது. 1911-இல் ரியூக்கன் பள்ளத்தாக்கில் வேமோர்க் நிலையம் திறந்தபோது அது உலகின் மிகப் பெரிய மின்நிலையம். பிறகு அங்கே துணைப்பொருளாகக் கிடைத்த கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்) நாஜி ஜெர்மனியின் அணு ஆராய்ச்சிக்குப் போய்விடக் கூடாது என்று 1943 பிப்ரவரியில் நோர்வே வீரர்கள் பனிமலை வழியாக வந்து கருவிகளைத் தகர்த்தார்கள். 2015 முதல் ரியூக்கனும் பக்கத்து நோட்டொட்டனும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம்.

பி.கு. ஆழமான பள்ளத்தாக்கு என்பதால் ரியூக்கன் ஊருக்குள் ஏறத்தாழ அரை ஆண்டு நேரடி வெயில் வராது. 2013-இல் மலையில் கண்ணாடிகளை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டார்கள்.

அவ்வளவு சுத்தமான மின்சாரம் என்றால் ஏன் போராட்டங்கள்?

புகை இல்லை என்பதால் யாருக்கும் இழப்பு இல்லை என்று ஆகிவிடாது. 1970-இல் மார்டோலா அருவியைக் காக்க மறியல் நடந்தது. தத்துவப் பேராசிரியர் ஆர்னெ நேஸ்ஸைப் போலீஸ் அங்கிருந்து தூக்கிக்கொண்டு போன படம் இன்றும் புத்தகங்களில் வருகிறது.

அதைவிடப் பெரியது வடக்கே ஆல்ட்டா ஆற்றில் அணை கட்டும் திட்டத்துக்கு எதிரான போராட்டம். அந்தப் பகுதி சாமி மக்களுடையது. அவர்கள் நோர்வேயின் வடக்கில் காலங்காலமாக வாழும், கலைமான் மேய்ச்சலுக்குப் பேர்போன பழங்குடி மக்கள். முதல் திட்டப்படி மாசே என்ற சாமி கிராமமே தண்ணீருக்குள் போயிருக்கும். அந்தப் பகுதியைக் கைவிட்டார்கள், ஆனால் அணை நிற்கவில்லை. 1979-இல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன்னால் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில் கடும் குளிரில் சுமார் 600 போலீசார் வந்து, சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டிருந்தவர்களை அகற்றினார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அரசு பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1987-இல் நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. அணை விஷயத்தில் தோற்றாலும், சாமிகள் யார், அவர்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வியை நாடு அதற்குமேல் ஒதுக்க முடியவில்லை. 1988-இல் அரசியலமைப்பில் அவர்களுக்கென ஒரு பிரிவு சேர்ந்தது, 1989-இல் சாமி நாடாளுமன்றம் கூடியது.

காற்றாலைக் காலத்தில் அதே கேள்வி ஃபோசென் தீபகற்பத்தில் திரும்ப வந்தது. ஸ்டோர்ஹேயா, ருவான் என்ற இரண்டு காற்றாலைப் பண்ணைகளில் 151 கோபுரங்கள், எல்லாம் கலைமான்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில். 2021 அக்டோபர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, இந்த உரிமங்கள் செல்லாது, இது சிறுபான்மையினரின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது என்றார்கள். ஆனால் காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருந்தன. தீர்ப்பு வந்து 500 நாள் ஆனபோது சாமி இளைஞர்கள் அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் இழப்பீட்டு உடன்பாடுகள் வந்தன. கோபுரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கட்டி முடித்துவிட்டால் தீர்ப்பால்கூட அசைக்க முடியாது என்ற பாடம்தான் இதில் மிஞ்சியது. சட்டத்தின் ஆட்சிக்குப் பேர்போன நாட்டுக்கு இது அழகில்லை.

தண்ணீர் இலவசமாக வருகிறது, மின்சாரம் ஏன் விலையேறுகிறது?

1991 முதல் நோர்வேயில் மின்சாரம் சந்தைப் பொருள். நாடு ஐந்து விலைப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, அண்டை நாடுகளோடு கடலடிக் கம்பிகள் இருக்கின்றன. 2021-இல் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,400 மெகாவாட் கம்பிகள் இயங்கத் தொடங்கின. அதே நேரம் ஐரோப்பாவில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியது. கம்பி இருக்கும் தெற்கு நோர்வே அந்த விலையையும் சேர்த்து இறக்குமதி செய்தது. 2022 ஆகஸ்டில் தெற்கில் ஒரு யூனிட் க்ரோனர் கணக்கில் போனபோது, வடக்கில் அதே யூனிட் சில ஓரெ மட்டும். நூறு ஓரெ ஒரு க்ரோனர்.

அரசு 2021 டிசம்பரிலிருந்து பில்லில் ஒரு பங்கைத் தானே கட்டத் தொடங்கியது. 2025 அக்டோபரிலிருந்து விரும்பும் வீடுகளுக்கு வரி சேர்க்காமல் யூனிட்டுக்கு 40 ஓரெ என்று நிலையான விலையும் வந்தது. அதற்கு முன், 2025 ஜனவரி இறுதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆற்றல் விதிகளை ஏற்பதா வேண்டாமா என்ற சண்டையில் மையக் கட்சி கூட்டணி அரசை விட்டே வெளியேறியது. பொருளாதாரம் படித்தவர்கள் கம்பிகளைத் தற்காக்கிறார்கள், வறண்ட ஆண்டில் அதே கம்பி வழியாகத்தானே மின்சாரம் உள்ளே வரும் என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தாத்தா காலத்து அணைக்கு ஏற்கெனவே வரிப்பணத்தில் விலை கொடுத்தாயிற்று, இப்போது ஏன் ஜெர்மனி விலை என்று கேட்கிறவரிடமும் நியாயம் இருக்கிறது.

அணுமின்சாரம்?

வணிக அணுமின் நிலையம் ஒன்றுகூட இல்லை. ஹால்டெனிலும் ஷெல்லரிலும் இருந்த ஆய்வு உலைகள் 2018, 2019 ஆண்டுகளில் மூடப்பட்டன. விவாதம் மட்டும் அவ்வப்போது சூடாகும்.

சட்டத்தில் க்ராஃப்ட் எங்கே வருகிறது?

சட்டம் "இ க்ராஃப்ட்" வந்தது என்றால் அமுலுக்கு வந்தது என்று பொருள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய நாள் வேறு, அமுலாகும் நாள் வேறு. வாடகை, விசா, வரி மாற்றம் பற்றிய செய்தி படிக்கும்போது இரண்டாவது தேதியைத்தான் தேட வேண்டும். அரசியலமைப்பின் 97-ஆவது பிரிவு, எந்தச் சட்டத்துக்கும் பின்னோக்கிச் செல்லும் க்ராஃப்ட் தரக்கூடாது என்கிறது. நேற்றுவரை குற்றமாக இல்லாததற்கு இன்று சட்டம் போட்டுத் தண்டிக்க முடியாது. 1814 முதல் இருக்கும் ஒற்றை வரி அது.

நீதிமன்றச் செய்திகளில் "தீர்ப்பு இன்னும் ரெட்ஸ்க்ராஃப்டி ஆகவில்லை" என்று அடிக்கடி வரும். மேல்முறையீட்டுக்கு இன்னும் வழி இருக்கிறது, தீர்ப்பு இறுதியாகவில்லை என்று அர்த்தம். இதைத் தெரியாமல் "தண்டனை உறுதி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு.

அரசியல் அதிகாரத்தையும் க்ராஃப்ட் என்பார்களா?

மாட்டார்கள். அதற்கு "மக்ட்". வல்லரசு, அதிகாரப் பிரிவினை, ஆட்சியைப் பிடித்தல் எல்லாமே மக்ட். ஆங்கிலத்தில் பவர் என்ற ஒரே சொல்லை வைத்துப் பழகியவர்கள் தவறுவது இங்கேதான். உடல் வலு, ராணுவப் படை, மருந்தின் வீரியம் போன்றவற்றுக்கு "ஸ்டிர்கெ" என்று மூன்றாவது சொல் இருக்கிறது. பன்மையில் மட்டும் க்ராஃப்ட் அரசியல் பக்கம் எட்டிப்பார்க்கும்: "நல்ல க்ரெஃப்டர் ஒன்று சேர்ந்தன" என்றால் நல்ல மனமுள்ள ஆட்களும் அமைப்புகளும் கைகோத்தார்கள் என்று பொருள்.

வேலை, பணம் பற்றிய பேச்சில்?

உழைப்பாளர்களை மொத்தமாகக் குறிக்க "ஆர்பைட்ஸ்க்ராஃப்ட்". இதில் தமிழர் கதையும் ஒரு துளி இருக்கிறது. 1980-களில் வட கோடியிலுள்ள ஃபின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆர்பைட்ஸ்க்ராஃப்ட் தேவைப்பட்டபோது, போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர் பலர் அங்கே போய் நின்றார்கள். உறைபனியில் மீன் வெட்டிய தலைமுறை அது, பிறகு பலர் தெற்கே ஒஸ்லோ பக்கம் நகர்ந்தார்கள். புள்ளிவிவரத்தில் அவர்கள் வெறும் "க்ராஃப்ட்".

வாங்கும் சக்திக்கு "ஷோப்பெக்ராஃப்ட்". சம்பள உயர்வு பணவீக்கத்தைத் தாண்டியதா என்பதுதான் அதன் பொருள், ஒவ்வொரு வசந்தத்திலும் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் இந்தச் சொல் காதைத் துளைக்கும்.

கடையில் "கோழி க்ராஃப்ட்" பார்த்தேன். அது என்ன?

எலும்பும் காய்கறியும் போட்டு வேகவைத்து இறக்கிய சாறு. மீனில் எடுத்தால் ஃபிஸ்கெக்ராஃப்ட். நம்மூர் ஆட்டுக்கால் சூப் வைக்கிறவர் "எலும்பின் சத்தெல்லாம் தண்ணியில இறங்கணும்" என்பாரே, அந்தச் சத்துதான் இந்தக் க்ராஃப்ட். டப்பாவிலும் பாட்டிலிலும் கிடைக்கும். மாடு, பன்றி கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாட்டுத் தொழுவத்தில் "க்ராஃப்ட்ஃபோர்" என்றால் அடர்தீவனம். சிமெண்டுப் பை, பழுப்பு நிறக் கடை உறை செய்கிற கிராஃப்ட் பேப்பரும் இதே சொல்தான். ஜெர்மன் வழியாக உலகம் சுற்றி நம்மூர் அச்சகத்துக்கும் வந்துவிட்டது. கிழியாத வலிமையான காகிதம் என்பதால் அந்தப் பெயர்.

"க்ராஃப்ட்உட்ட்ரிக்" நல்ல வார்த்தையா?

நேராக மொழிபெயர்த்தால் "வலிமையான வெளிப்பாடு". உண்மையில் கெட்ட வார்த்தை. நோர்வேஜிய வசவுகளில் முக்கியமானவை சாத்தானைக் கூப்பிடுபவை, வடக்கே போகப் போக அவற்றின் தாராளம் கூடும். பிள்ளையின் ஆசிரியர் இந்தச் சொல்லோடு கடிதம் அனுப்பினால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

"க்ரெஃப்ட்" என்பது க்ராஃப்டின் பன்மையா?

கிடையாது, இதில் கவனம் தேவை. பன்மை "க்ரெஃப்டர்". "க்ரெஃப்ட்" என்றால் புற்றுநோய், நண்டுக்கான பழைய சொல்லோடு தொடர்புடையது. மருத்துவமனைக் கடிதத்தில் "உங்கள் க்ரெஃப்டர் திரும்ப வர நேரம் எடுக்கும்" என்று இருந்தால் உடம்பின் தெம்பைத்தான் சொல்கிறார்கள். பதறிப்போய் எல்லாருக்கும் போன் போடுவதற்கு முன்னால் சொல்லின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்.

சில இடங்களில் வன்க்ராஃப்ட், சில இடங்களில் வஸ்க்ராஃப்ட். எது சரி?

இரண்டும். நோர்வேஜிய மொழிக்கு அரசு ஏற்ற எழுத்து வடிவங்கள் இரண்டு. புக்மோலில் வன்க்ராஃப்ட், நீநொஷ்க்கில் வஸ்க்ராஃப்ட். அணைகள் அதிகமுள்ள மேற்குக் கரையில் நீநொஷ்க் புழக்கம் கூடுதல், அதனால் நகராட்சி ஆவணங்களில் இரண்டாவது வடிவம் நிறையக் கண்ணில் படும். பொருளில் வேறுபாடு இல்லை. தேடுபொறியில் தகவல் தேடும்போது மட்டும் இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.